எருமை குடித்த தண்ணீர்

என் மாமாவின் வேலை போனதற்கு நான் எழுதிய ஓர் ஆங்கில வசனமே காரணம் என்று பல வருடங்களாக நம்பியிருந்தேன். அந்த வசனத்தில் பன்னிரண்டு சொற்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை பிடிப்பதுதான் என் தொழில். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்தப் படியில் பிசகியது என்று நிரல்படுத்தி எழுதிக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் இதையும் முதற்படியிலிருந்து எழுதுகிறேன்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. மன்னார்த் தீவில் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மாமாவுக்குக் கடல் ஒத்துவராது. வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் குடலைப் புரட்டிச் சத்தி எடுப்பார். அப்பா அவரைத் தன்னுடைய வள்ளத்தில் இரண்டு பருவம் வைத்துப் பார்த்துவிட்டு, மீனுக்கு இரை போட இவ்வளவு மண்ணெண்ணெய் எரிக்கத் தேவையில்லை என்று சொல்லி இறக்கிவிட்டார். பிறகு மாமா வாகனம் ஓட்டப் பழகினார். யுத்தம் முடிந்து சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் அவருக்குச் சாரதி வேலை கிடைத்தது. வெள்ளை ஜீப், சீருடையாக வான்நீல நிறத்தில் இரண்டு சேட்டுகள், கழுத்தில் படம் போட்ட அட்டை. எங்கள் குடும்பத்தில் காலையில் தலை வாரி இழுத்து, சேட்டை உள்ளே விட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். நான் அந்த வசனம் எழுதிய மாத முடிவில் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமி, தீவுக்கு வெளியே அரிப்பு என்ற கரையோர ஊர்க்காரி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருமுறை தாய்வீட்டுக்குப் போய் எட்டு மாதம் அங்கேயே இருந்தார். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். அரிப்பில் காற்று நல்லம் என்றார். எங்கள் தீவில் காற்றுக்குக் குறைவு கிடையாது; ஒரு துணிக்கு மூன்று கிளிப் போட்டுத்தான் கொடியில் காயவிடுவோம். ஆனாலும் நம்பினேன். பிறகு மாமா மடுமாதா கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்து ஒன்றை விட்டுவிட்டார் என்றும், அதற்குப் பிறகுதான் வேலை கிடைத்தது என்றும், அதற்குப் பிறகுதான் மாமி திரும்பி வந்தார் என்றும் பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டேன்.

“மாமா எதை விட்டவர்?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“மீசையை,” என்றார் அம்மா.

மாமா உண்மையாகவே மீசையை எடுத்திருந்தார். அதனால் அந்த விஷயம் எனக்கு அத்தோடு முடிந்தது.

ஏழாம் வகுப்பில், இரண்டாம் தவணையில், எங்களுக்குப் பார்ட்டிசிப்பிள் தொடர் வந்தது. ஆங்கில ரீச்சர் இளம் பெண். வவுனியாவிலிருந்து வந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சின்னச் சின்ன வசனங்களாக எழுதினால் குழந்தை எழுதியதுபோல இருக்கும், இரண்டு வசனத்தை ஒன்றாகக் கட்டினால் வளர்ந்த ஆள் எழுதியதுபோல இருக்கும் என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் கட்டிக் காட்டினார். வந்தான், இருந்தான் என்பதை வந்து இருந்தான் என்று ஆக்குவதுதான். எனக்கு இது புதிதாகவே படவில்லை. தமிழில் நாங்கள் நாள் முழுவதும் இப்படித்தான் கதைக்கிறோம். எழும்பி, குளித்து, சாப்பிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறோம். ஆங்கிலத்திலும் இது இருக்கிறது என்று கண்டதும் ஒரு வாரத்துக்கு எனக்குக் கை நிற்கவில்லை. கொப்பி முழுவதும் Having என்றும் Being என்றும் தொடங்கும் வசனங்கள். ரீச்சர் அந்த வாரம் பாடத்தின் முதற்பக்கத்தை மட்டும்தான் படிப்பித்தார். மறுபக்கத்துக்கு அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார்.

முதற்பக்கம் படித்த கிழமையிலேயே எருமை வந்தது.

மாமா வழக்கமாக வேலை முடிந்து தன்னுடைய வீட்டுக்குத்தான் போவார். அன்றைக்கு இருட்டுப்படும் மம்மல் பொழுதில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். ஒரு வாளி அல்ல, நாலைந்து வாளி. பிறகு குசினிக்குள் போய் ஏலக்காய்ப் போத்தலைத் திறந்து இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“ஜீப் ஒரு எருமையில பட்டுட்டுது அக்கா,” என்றார். “முன்பக்கம் நெளிஞ்சு போச்சு. ஒரு லைற்றும் உடைஞ்சிட்டுது.”

“உனக்கு?”

“எனக்கு ஒண்டுமில்லை. எருமைக்கும் ஒண்டுமில்லை. எழும்பி ஓடிட்டுது.”

அம்மா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஏலக்காய்ப் போத்தலை எடுத்து மூடி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். பால் இல்லாத தேத்தண்ணி ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அதை அவர் குடித்து முடித்ததும் இன்னொரு கோப்பை. நான் ஒரு பக்கத்தில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். பெரியவர்கள் அதிர்ச்சியடைந்தால் தேநீர் குடிப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அது சரியென்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பின்னேரம் மாமா ஒரு தாளோடு வந்தார். விபத்து அறிக்கை. மேலே பெயர், வாகன இலக்கம், இடம், நேரம். கீழே, என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் ஆங்கிலத்தில் எழுத எட்டுக் கோடுகள். அடுத்த நாள் காலையில் கொடுக்க வேண்டும்.

“பக்கத்து வீட்டு மாஸ்டரிட்டக் குடுத்தா வடிவா எழுதித் தருவார் தானே,” என்றார் அம்மா.

“மாஸ்டருக்கு ஏன் கரைச்சல்? எங்கட பிள்ளை எழுதுவாள்,” என்றார் மாமா. “இவளின்ர இங்கிலீசைப் பற்றிப் பாலத்தடி செக்பொயின்ற் ஆமிக்காரனுக்கும் தெரியும்.”

அது பொய்யல்ல. ஆங்கிலதினப் போட்டியில் எனக்கு வலயத்தில் முதலிடம் கிடைத்ததை மாமா கண்டவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய்க்கு என்ன மொழியில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

நான் முதலில் கொப்பியில் எழுதுவதென்றும், பிறகு தாளில் பார்த்தெழுதுவதென்றும் முடிவாயிற்று. மாமா சொல்லச் சொல்ல நான் தமிழில் குறித்துக்கொண்டேன்.

“எழுது பிள்ளை. நான் அடம்பனில எஞ்சினியரை இறக்கிப்போட்டுத் தனிய வாறன். மம்மல். குளத்தில வயிறு முட்டத் தண்ணி குடிச்சுப்போட்டு எருமை றோட்டுக்கு ஏறுது. நான் காணேல்ல. பிறேக் அடிச்சனான், ஆனாப் பட்டுட்டுது. எருமை கொம்பை ஆட்டிப்போட்டு வயலுக்குள்ள ஓடிட்டுது. நான் கந்தோருக்கு ரெலிபோன் அடிச்சனான். அவ்வளவுதான்.”

“எருமை தண்ணி குடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ மாமா?”

“ஏன்?”

“காணாட்டி எப்பிடி எழுதிறது?”

மாமா யன்னலைப் பார்த்தார். “குளத்தில இருந்து வாற மாடு தண்ணி குடியாமல் வேற என்ன செய்யும்? எழுதன்.”

எழுதினேன். மாமா சொன்னபடியே எழுதினால் ஏழெட்டுச் சின்ன வசனங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல வரும். கட்டினேன். இரண்டாவது வசனம் இப்படி வந்தது: Having drunk well at the tank, I did not see the buffalo. தமிழில் நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. குளத்தில் நன்றாகக் குடித்துவிட்டு வந்த எருமை, அதைக் காணாத நான். ‘வயிறு முட்ட’ என்பதற்கு ‘well’ என்று போட்டது என் சொந்த அலங்காரம். கடைசி வசனமும் எனக்கு நிறையப் பிடித்திருந்தது: Shaking its horns and running into the paddy field, I telephoned the office.

தாளில் பார்த்தெழுதிக் கொடுத்ததும் மாமா கோட்டுக்குக் கோடு விரலை வைத்து, வாசிப்பதுபோலப் பார்த்தார். “நல்ல நீட்டு வசனமா இருக்கு,” என்றார். கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை கொடுத்த மறுநாள் மாமா வேலைக்குப் போகவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டியதாக அவரே எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். மாமி வாசற்படியில் இருந்துகொண்டு, “நீ என்ன பிள்ளை எழுதினனீ?” என்று கேட்டார். நான் கொப்பியைக் கொண்டுவந்து ஆங்கிலத்தில் வாசித்து, வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். குளத்தில் எருமை தண்ணீர் குடித்தது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

“இவள் சொல்லுறபடி பார்த்தாப் பிழை ஒண்டும் இல்லை,” என்றார். “அந்தக் குளத்தடியில தவறணை இருக்கு. அதாலதான் அவங்கள் அப்பிடி நினைச்சிருப்பாங்கள்.”

தவறணை என்றால் கள்ளும் சாராயமும் விற்கிற இடம் என்று எனக்குத் தெரியும். அது எருமைகள் போகும் இடமல்ல என்பதும் தெரியும். ஆகவே நிறுவனத்துக்காரர்கள் எப்படி அதை உள்ளே கொண்டுவந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் மறுபக்கத்தைத் திருப்பினார். தலைப்பே, பொதுவாக விடும் பிழைகள். கரும்பலகையில் எழுதினார்: Walking along the beach, the lighthouse looked small.

“இதில கடற்கரையில நடந்தது ஆர்?” என்று கேட்டார்.

“நாங்கள் ரீச்சர்,” என்றோம்.

“நாங்கள் எண்டு எங்க எழுதியிருக்கு?”

எங்கும் இல்லை. வசனத்தில் இருந்த ஒரே ஆள் வெளிச்சவீடு. ஆங்கிலத்தில் அந்த முன்தொடர், கமா போட்டதும் அடுத்து வருகிற எழுவாயைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்; அது யாராயிருந்தாலும் விடாது என்றார் ரீச்சர். தலைமன்னார் வெளிச்சவீடு கடற்கரையில் உலாப் போவதை நினைத்து வகுப்பே சிரித்தது. தமிழில் அப்படி இல்லை. மழை பெய்து குளம் நிரம்பியது என்கிறோம். பெய்தது மழை, நிரம்பியது குளம். இரண்டு வேறு ஆட்கள் ஒரு வசனத்தில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். குளம் பெய்ததாக எவரும் நினைப்பதில்லை. ஆங்கிலம் நினைக்கும்.

நான் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே கொப்பியைத் திறந்து இரண்டாம் வசனத்தைப் பார்த்தேன். Having drunk well at the tank, கமா, I. கடைசி வசனத்தைப் பார்த்தேன். கொம்பை ஆட்டிக்கொண்டு வயலுக்குள் ஓடியதும் I.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாமா வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. மாமி கட்டிலில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அலுமாரிக்கு மேலே எப்போதும் இருக்கும் பச்சைப் பெட்டி. உள்ளே இரண்டு சேலை இருந்தது.

“எங்க போறீங்கள் மாமி?”

“எங்கயும் இல்லை. தூசு தட்ட இறக்கினனான்,” என்றார். “நீ ஏன் மூச்சு வாங்கிறாய்?”

எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சவீட்டையும் சொன்னேன். பிழை என்னுடையது, மாமாவினுடையது அல்ல, எருமைதான் குடித்தது, இதை அந்தக் கந்தோரில் எடுத்துச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றேன். மாமி பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததாக்கும் என்று நினைத்தேன்.

“நாளைக்குப் பத்து மணிக்கு உன்ர மாமாவை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கு,” என்றார் கடைசியில். “நானும் போகத்தான் இருந்தனான். நீயும் வா. வந்து இதை அங்க சொல்லு.”

“மாமாவிட்ட இப்பவே சொல்லட்டோ?”

“வேண்டாம். அங்க சொல்லு.”

அன்றிரவு நான் என் வாதத்தை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதினேன். இன்றைக்கும் அதைப் போல ஒரு நல்ல அறிக்கையை என் அலுவலகத்தில் எழுதினேனா என்று சந்தேகம்.

மறுநாள் பள்ளிக்குப் போகாமல் மாமியோடு பஸ்ஸில் மன்னார் நகருக்குப் போனேன். கந்தோர் ஒரு பழைய வீடு. முன்னால் வேப்பமரம், அதன் நிழலில் நாலு கழுதைகள். மாமா எங்களுக்கு முன்பே வந்து, அந்த வான்நீலச் சேட்டோடு சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“இவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்?” என்று மாமியிடம் கேட்டார்.

“அவளுக்கு ஏதோ சொல்ல வேணுமாம்,” என்றார் மாமி.

நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெண். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். மேசையில் என் கையெழுத்தில் அந்த அறிக்கை இருந்தது. இரண்டாவது வசனத்துக்குக் கீழே சிவப்புக் கோடு. கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

“நீங்கதானோ எழுதினது?” என்று மிஸ் என்னைக் கேட்டார்.

“ஓம் மிஸ். அதில பிழை இருக்கு. நான் சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ.”

தாளைப் பிரித்தேன். “முதலாவது, மாமாவுக்குக் கொம்பு இல்லை மிஸ்.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். “சரி,” என்றார். “அதை ஏற்றுக்கொள்ளுறன்.”

“ரெண்டாவது, கடைசி வசனத்தின்படி கொம்பை ஆட்டிக்கொண்டு வயலுக்குள்ள ஓடினது மாமா. அது எருமைக்குப் போக வேண்டிய தொடர். நான் ஆளை மாறிக் கொழுவிட்டன். மூன்றாவது, அதே பிழையை நான் ரெண்டாம் வசனத்திலயும் விட்டிருக்கிறன். நாலாவது, ஆனபடியால் குளத்தில குடிச்சது எருமை. மாமா இல்லை.”

மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். “இந்தக் கொம்பு ஆருடைய கொம்பெண்டு எங்கட பெரியவர் நாலஞ்சு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறார்,” என்றார். பிறகு அறிக்கையை எடுத்து இரண்டு வசனங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது. மாமாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை சொல்லுறதில நியாயம் இருக்கு. இப்பிடியெண்டால் நான் ஒரு குறிப்பு எழுதிப் பெரியவரிட்டக் குடுக்கலாம். உங்களில வேற முறைப்பாடு ஒண்டும் இல்லை. குளத்தில குடிச்சது எருமை. அப்பிடித்தானே? நீங்கள் ஓம் எண்டு சொன்னாக் காணும்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், சொல்லுங்கோ என்று. பிறகு மாமியைப் பார்த்தார். மாமி அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் சிப்பை இழுத்துத் திறந்தார், மூடினார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிரீச்சிட்டது. நான் அதை எண்ணத் தொடங்கி இருபதுக்கு மேலே போய்விட்டேன்.

“பிள்ளை எழுதினதில பிழை இல்லை, மிஸ்,” என்றார் மாமா.

“எந்த வசனத்தைச் சொல்லுறீங்கள்?”

“ரெண்டாம் வசனம். கொம்புதான் என்ர இல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. “மாமா, அதில ‘ஐ’ எண்டு போட்டிருக்கிறது நீங்கள்.”

“தெரியும் பிள்ளை.”

“அப்ப நீங்கள் குடிச்ச மாதிரி வரும்.”

“ஓம்,” என்றார். “சரியாத்தான் எழுதினனீ.”

மாமி எழும்பி வெளியே போனார். கதவு சாத்தப்பட்ட சத்தத்தில், என்னோடு கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று விளங்கிக்கொண்டேன். மிஸ் அறிக்கையை மூடி, பேனையை அதன் மேல் வைத்தார். என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார். நான் வாங்கில் இருந்தேன். கதவுக் கண்ணாடிக்குள்ளால் மாமா எதிலோ கையெழுத்து வைப்பது தெரிந்தது. இந்த முறை விரலை வைத்து வாசிக்கவில்லை.

மாமாவும் நானும் வெளியே வந்தபோது மாமி வேப்பமரத்துக்குக் கீழே, கழுதைகளுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் மூன்று ஐஸ்பழம். வண்டிக்காரனின் மணி தெருவின் மறுகோடியில் கேட்டது. ஒன்றை எனக்குத் தந்தார், ஒன்றை மாமாவுக்கு நீட்டினார். அது உருகி மாமியின் முழங்கைவரை சிவப்பாக ஒழுகியிருந்தது. மாமா அதை வாங்கித் தின்னாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தின்னுங்கோ,” என்றார் மாமி. “சேட்டில ஊத்தப்போகுது. கழுவித் திருப்பிக் குடுக்க வேணும்.”

வேலை போன ஆளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தது எனக்கு அநியாயமாகப் பட்டது. கொண்டாட என்ன இருக்கிறது? ஆனால் மாமி என் பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் நானும் பேசாமல் தின்றேன்.

அடுத்த வாரம் இரண்டு சேட்டும் தோய்த்து, மினுக்கி, கந்தோருக்குத் திரும்பிப் போயின. மாமா மீண்டும் அப்பாவின் வள்ளத்தில் ஏறினார். மீண்டும் சத்தி எடுத்தார். இந்த முறை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வள்ளங்களின் எஞ்சின் திருத்தப் பழகினார். இன்றைக்கும் அதுதான் தொழில், கரையிலேயே நிற்கலாம். பச்சைப் பெட்டி அலுமாரிக்கு மேலே திரும்பிப் போனது.

நான் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மாமாவுக்கு ஆங்கிலம் விளங்காததால் அப்படிச் சொல்லிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ‘ஐ’ என்றால் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அது சரிவராது. மிஞ்சிய விளக்கம் ஒன்றுதான். ஊரெல்லாம் பெருமையடித்த மருமகளின் ஆங்கிலத்தில் பிழை இருக்கிறது என்று ஒரு கந்தோரில், ஒரு படித்த பெண்ணின் முன்னால், தன் வாயால் ஒப்புக்கொள்ள மாமாவுக்கு மனம் வரவில்லை. எனக்காக வேலையை விட்டார். இதை நான் அப்படியே நம்பினேன். இனி ஒரு கமாவுக்கும் மாமா விலை கொடுக்கக் கூடாது என்று படித்தேன். என் முதற்சம்பளத்தில் அவருக்கு வான்நீல நிறத்தில் ஒரு சேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தார். “இந்த நிறம் ஏன் பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, “சும்மாதான்,” என்றேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மாமாவின் மகள், என் சின்ன மச்சாள், இப்போது அதே ஏழாம் வகுப்பு. அதே பாடம். மாமி வீட்டுக் குசினியில் இருந்து அவளுக்குப் பார்ட்டிசிப்பிள் சொல்லிக் கொடுத்தேன். எழுவாயைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக எருமையின் கொம்பைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துத் தகப்பனுக்குக் கொம்பு வரைந்து காட்டினாள். குடித்த வசனத்தை நான் சொல்லவில்லை. அவள் படத்தைத் தகப்பனிடம் காட்ட எஞ்சின் கொட்டிலுக்கு ஓடியதும், நண்டு கழுவிக்கொண்டிருந்த மாமியிடம், “அண்டைக்கு மாமா எனக்காகத்தான் வேலையை விட்டவர். அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு,” என்றேன்.

மாமி நண்டின் ஓட்டைப் பிரித்தார்.

“உனக்காக ஏன் விடுறார்? குடிச்சவர், சொன்னவர்.”

நான் மச்சாளின் கொப்பியை மூடி வைத்தேன்.

“எருமை பட்ட அண்டைக்கு வீட்டுக்கு வரேக்க ஏலக்காய் மணம். எங்கட வீட்டில ஏலக்காய் இல்லை,” என்றார். “நீ உன்ர கொப்பியோட ஓடி வந்து, எருமைதான் குடிச்சது, மாமா ஓம் எண்டு சொன்னாக் காணும் எண்டு நிண்டாய். நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன். அங்க ஓம் எண்டு சொல்லியிருந்தா வேலை இருந்திருக்கும். நான் அடுத்த பஸ்ஸில அரிப்புக்குப் போயிருப்பன்.”

நண்டுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

நான் அந்த நாளைத் திரும்ப ஒருமுறை படிப்படியாகப் பார்த்தேன். ஒரு விபத்து அறிக்கையில் எருமை தண்ணீர் குடித்ததா இல்லையா என்பது யாருக்கும் தேவையில்லை. அவராகச் சொல்லுமுன் நானும் கேட்டிருக்கவில்லை. மாமாவின் வாயில் அந்தச் சொல் அன்றைக்குத் தானாக வந்திருக்கிறது. வந்ததை எருமையின் மேல் ஏற்றினார். நான் அதை இறக்கி, தெரியாத்தனமாக, உரிய ஆளிடம் கொண்டுபோய்க் கொழுவினேன். மிஸ் கேட்டபோது அதை மறுபடி எருமையின் மேல் ஏற்றிவிட நான் நாலு காரணங்களோடு உதவிக்கு நின்றேன்.

அந்த அறையில் மாமாவின் வேலைதான் பேசப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். பச்சைப் பெட்டியைக் கண்டிருந்தேன், ஏலக்காயைக் கண்டிருந்தேன், கதவு சாத்திய சத்தத்தைக் கேட்டிருந்தேன். ஐஸ்பழங்களைக்கூட எண்ணியிருந்தேன். நாங்கள் வெளியே வருவதற்குள் ஒன்று உருகி மாமியின் முழங்கைவரை ஒழுகியிருந்தது. அப்படியென்றால் மாமா இன்னும் உள்ளே கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோதே, மாமி அவருக்கும் சேர்த்து மூன்றாக வாங்கிவிட்டிருக்கிறார்.